மானிப்பாயில் ஒரு மருத்துவப் பள்ளி



யாழ்ப்பாண நகரிலிருந்து வடமேற்கே சில மைல் தொலைவில் மானிப்பாய் என்னும் ஊர் இருக்கின்றது. மருதடி விநாயகர் கோயிலைக்கொண்டு அவ்வூரைப் பலர் அறிவர். பனையும் மாவும் நிறைந்த ஊர். வேலியடைத்த வளவுகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒழுங்கைகள் உள்ள ஊர். அங்கே, இற்றைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், மனித உடலில் எலும்புகள் எங்ஙனம் பொருந்தியிருக்கின்றன, இரத்தம் எவ்வழியாக ஓடுகின்றது, முறிந்த காலை எவ்வாறு கட்டுவது என்னும் மேனாட்டு மருத்துவப் பாடங்கள் தமிழிலே நடைபெற்றன. ஆசிரியர் அமெரிக்கர், மாணவர் நம்மவர், பாடநூல்கள் தமிழ் நூல்கள். இச்செய்தியை முதன்முதலிற் கேட்டபொழுது நான் நம்பவில்லை. அப்பொழுது நான் மருத்துவ மாணவன். அறிய வேண்டியன பெரும்பாலும் அறிந்துவிட்டோம் என்னும் எண்ணம் மிகுந்திருந்த பருவம் அது.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர் ஓர் ஆச்சி. மூச்சிரைப்பும் கால் வீக்கமுமாக அவரை வைத்தியசாலையிற் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஆசிரியர் கட்டிலருகே நின்று என்னை வினவினார். நான் நோயின் பெயர், காரணம், குறிகள், கொடுக்கவேண்டிய மருந்து எல்லாவற்றையும் தடையின்றி ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். ஆசிரியர் மகிழ்ந்து அடுத்த கட்டிலுக்குச் சென்றார். நானும் பின்தொடர முயன்றபொழுது ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இவ்வளவு நேரமும் என்னைப்பற்றித்தானே கதைச்சனீங்கள். எனக்கு என்ன வருத்தம் எண்டு ஒருக்காத் தமிழிலை சொல்லுங்கோ" என்றார்.

நான் தடுமாறினேன். "ஒன்றுமில்லை ஆச்சி, இருதயத்திலை கொஞ்சம் கோளாறு" என்றேன்.

"கோளாறு எண்டு எனக்கும் தெரியும், மோனை. அதுக்குத்தானே இஞ்சை வந்தனான்" என்றார் அவர்.

சுற்றியிருந்தோர் நகைத்தனர். நானும் நகைத்துவிட்டு அகன்றேன். வீக்கம் வற்றியபின் மாத்திரைகளுடன் அவரை வீட்டுக்கு அனுப்பினோம். வீக்கம் வற்றிவிட்டதே, இனி மருந்து எதற்கு என்று அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு திங்களின் பின் அவரை மீண்டும் கொண்டுவந்தபோது காலம் கடந்திருந்தது. "உங்கள் இருதயம் களைத்துப் போயிருக்கிறது, ஆச்சி, இந்த மாத்திரை அதற்கு ஊன்றுகோல், நடக்க முடிகிறதே என்று ஊன்றுகோலை எறிந்துவிடக் கூடாது" என்று நான் சொல்லியிருக்கலாம். இவ்வளவும் எளிய தமிழ். ஆயினும் அன்று அது என் நாவில் வரவில்லை. நான் கற்ற கல்வி ஒரு மொழியிலும், நோயாளியின் வாழ்வு வேறொரு மொழியிலும் இருந்தன. இரண்டுக்கும் இடையே பாலம் கட்டவேண்டியவன் நானே என்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

இதனை ஊருக்குச் சென்றபொழுது அயல்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கூறினேன். அவர் பேசாமல் எழுந்து உள்ளே போய், துணியிற் சுற்றிய தடித்த நூலொன்றைக் கொணர்ந்து என் மடியில் வைத்தார். பழுப்பேறிய தாள், பூச்சியரித்த ஓரம். பெயர் 'இரண வைத்தியம்'. அச்சிட்ட ஆண்டு 1867. "என் பாட்டனாரின் தகப்பனார் இதைப் படித்துத்தான் வைத்தியர் ஆனவர்" என்றார். அந்த நூலிலிருந்தே மானிப்பாய்ப் பள்ளியின் வரலாற்றை நான் தேடத் தொடங்கினேன். அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

மேனாட்டார் வருமுன் யாழ்ப்பாணத்தில் மருத்துவமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் ஏட்டு வடிவில் வழங்கிவந்தன. ஒவ்வோரூரிலும் பரியாரிமார் இருந்தனர். தந்தை மகனுக்கும் மாமன் மருமகனுக்கும் கற்பிப்பது அவர்தம் மரபு. காய்ச்சலுக்குக் கஷாயமும் முறிவுக்குப் பத்தும் அவர்களிடம் கிடைத்தன. ஆனால் வயிற்றினுள் வளர்ந்த கட்டியை அறுத்தெடுக்கவும், குறுக்கே கிடக்கும் குழந்தையைத் திருப்பி எடுக்கவும், கண்புரையை நீக்கவும் வேறு பயிற்சி வேண்டியிருந்தது. அத்தகைய பயிற்சியோடு வந்த முதல்வர், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர். 1820ஆம் ஆண்டளவில் பண்டத்தரிப்பில் அமர்ந்து பணிபுரிந்த இவர், 1836ஆம் ஆண்டில் சென்னைக்குச் சென்றார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அவருடைய தமையனார் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் நகரின் பெரும் பூங்காவை அமைத்ததிலும், சிதறிக்கிடந்த பகுதிகளை இணைத்து இன்றைய பெருநகரை உருவாக்கியதிலும் முன்னின்றவர். உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் உலகின் பெரிய நகரொன்றை வகுத்தார். மற்றவர் மானிப்பாயில் இருந்து உடற்கூற்று நூலைத் தமிழில் எழுதினார். இருவருள் எவர் செய்தது பெரிதென்று வினவினால், நான் யாழ்ப்பாணத்தானாகையால், என் விடை பக்கச்சார்பு உடையதாகவே இருக்கும்.

1847ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இருபத்தைந்து வயது நிரம்பும் தறுவாயில், கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். சமயம் பரப்புதலே அவரை அனுப்பியவர்களின் முதல் நோக்கம். அவருடைய நோக்கமும் அதுவே. இதனை மறைத்து அவரை வெறும் மருத்துவராகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. சிறிது காலம் வட்டுக்கோட்டையில் இருந்தபின் 1848இல் மானிப்பாய்க்கு வந்து, அங்கே நோயாளிகளைப் பார்க்கவும் மாணவர் சிலருக்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். இலங்கையின் தலைநகரான கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

முதலிற் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. மாணவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் நன்கு கற்றவர்கள். ஆகவே தடை ஏதும் இருக்கவில்லை. டன்போர்த், சாப்மன், போல், மில்ஸ் என்னும் பெயர்களை அக்காலக் குறிப்புகளிற் காணும் மாணவர்கள், இவர்கள் அமெரிக்கர்களோ என்று மயங்கக்கூடும். எல்லோரும் நம்மூர்த் தமிழர்களே. படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கப் புரவலர்களின் பெயர்களை மாணவர்களுக்கு இடும் வழக்கம் மிஷன் பாடசாலைகளில் இருந்தது. கிறீனுக்கு இவ்வகை மாற்றங்கள் உவப்பானவை அல்ல. மாணவர் தம் உடையையும் உணவையும் நடையையும் விட்டு ஐரோப்பியர்போல் ஆவதை அவர் விரும்பவில்லை. மதம் மாறினும் தமிழர் தமிழராகவே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆனால் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் செய்தது என்ன? அரசாங்க உத்தியோகம் அழைத்தது. மாதச் சம்பளமும் மதிப்பும் அழைத்தன. மானிப்பாயிற் பயின்றவர் யாழ்ப்பாணக் கிராமத்தில் இருக்கவில்லை. வேலை கிடைத்த இடங்களுக்குச் சென்றனர். அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. என்னோடு கற்றவர்களுள் எத்தனை பேர் கடல்கடந்து போயினர் என்று எண்ணினால் என் கைவிரல்களும் கால்விரல்களும் போதா. ஆயினும் கிறீன் கண்ட உண்மை கசப்பானது: பள்ளி ஊரில் இருந்தது, அதன் பயன் ஊரில் இருக்கவில்லை.

உடல்நலம் குன்றி 1857இல் அமெரிக்கா சென்ற அவர், 1862இல் மனைவியோடு திரும்பி வந்தார். வந்தபின் ஒரு முடிவுக்கு வந்தார்: இனி மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது.

இந்த முடிவின் துணிவை உணரவேண்டுமானால், அக்காலத்தில் வீசிய காற்று எத்திசையது என்று அறியவேண்டும். கல்கத்தாவில் 1822ஆம் ஆண்டில் நாட்டு மொழிகளில் மருத்துவம் கற்பிக்கும் பள்ளியொன்றை ஆங்கிலேயர் நிறுவியிருந்தனர். 1835இல் அதனை மூடிவிட்டு, ஆங்கிலத்திற் கற்பிக்கும் மருத்துவக் கல்லூரியை அங்கே தொடங்கினர். அதே ஆண்டிற் சென்னையிலும் மருத்துவப் பள்ளி தோன்றிற்று. 1850இல் அது கல்லூரியாயிற்று. ஆள்வோர் எல்லாரும் நாட்டு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், கிறீன் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறினார். 1864ஆம் ஆண்டில் தமிழ் வகுப்புத் தொடங்கியது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆங்கிலமே முன்னேற்றத்தின் வாயில் என்று கருதியோர் பலர். ஒரு மாணவனின் நிலையிலிருந்து பாருங்கள். ஆங்கிலம் கற்றால் அரசாங்க வேலை உண்டு, தமிழிற் கற்றால் ஊரிலே நோயாளி உண்டு, அவ்வளவே. உங்கள் தந்தையார் எதனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுவார்? உண்மையை மறைக்காமற் சொன்னால், என் தந்தையாரும் அதையே சொல்லியிருப்பார். அப்படியிருந்தும் தமிழ் வகுப்பில் மாணவர் சேர்ந்தனர்.

அவர்களுக்குப் பாடநூல் வேண்டும். இவ்விடத்திலேதான் கிறீனின் உழைப்பு மலைக்கச் செய்கின்றது. முதல் வருகையின்போதே, 1852இல், உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் மூன்றையும் பற்றிய கட்டரின் நூலை 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் பெயரில் வெளியிட்டிருந்தார். 1857இல் மகப்பேற்று மருத்துவ நூல் வந்தது. தமிழ் வகுப்புத் தொடங்கியபின் 1867இல் துரூயிற்றின் அறுவை நூல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. 1872இல் இரண்டு பெருநூல்கள்: உலகெங்கும் மருத்துவ மாணவர் தலையணையாக வைத்துறங்கும் கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்றும், ஹூப்பரின் மருத்துவ நூல் 'வைத்தியாகரம்' என்றும் வெளிவந்தன. 1875இல் இரசாயன நூலாகிய 'கெமிஸ்தம்'. 1883இல் டால்டனின் உடற்றொழில் நூல் 'மனுஷ சுகரணம்'. இவையெல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. இவை ஒருவர் கையால் முடிந்தவை அல்ல. டன்போர்த், சாப்மன் முதலிய மாணவர்கள் உடனிருந்து மொழிபெயர்த்தனர். கலைச்சொற்களைத் தொகுத்து அகராதிகளும் வெளியிட்டனர்.

நூற்பெயர்களைச் சிறிது செவிகொடுத்துக் கேளுங்கள். 'அங்காதிபாதம்' என்றவுடன், தலைவனையோ தெய்வத்தையோ அடிமுதல் முடிவரையும் முடிமுதல் அடிவரையும் புலவர் பாடும் பாதாதிகேசமும் கேசாதிபாதமும் நினைவுக்கு வரவில்லையா? எலும்பும் தசையுமாகப் பிரித்து அறியும் அறிவியலுக்கு அத்தகைய ஒரு பெயர்! வடமொழி மிகுதியாயிற்றே என்று இக்காலத்தவர் சிலர் முகஞ்சுளிக்கலாம். அக்காலத்துக் கற்றோர் நடை அவ்வாறிருந்தது. வடமொழியும் கைகொடாவிடத்தில், ஆங்கிலச் சொல்லுக்கே தமிழீறு கூட்டினர். 'கெமிஸ்தம்' அவ்வாறு பிறந்தது. இச்சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. நாம் உடற்கூற்றியல் என்கின்றோம், உடலியல் என்கின்றோம், வேதியியல் என்கின்றோம். அதனாற் குறையில்லை. முதலில் ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னாலன்றோ, அது பொருந்தாது என்று மற்றொருவர் வேறு சொல்லைச் சொல்ல முடியும்?

யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் 1850ஆம் ஆண்டளவில் தோன்றிய பொது வைத்தியசாலையிலும் மானிப்பாயின் மாணவர்கள் பணிபுரிந்தனர். இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. 1866, 1867ஆம் ஆண்டுகளிற் குடாநாட்டைப் பேதி நோய் வாட்டி ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. அக்காலத்தில் ஊர் ஊராகச் சென்று, நோயாளியின் மொழியிற் பேசிச் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் இருந்தனர் என்றால், அது அந்தச் சிறு பள்ளியின் பேறு. கிறீனிடம் மருத்துவம் கற்றோர் மொத்தம் அறுபதுக்குச் சற்று அதிகம். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பட்டம் பெறும் இந்நாளில் இத்தொகை சிறிதாகத் தோன்றும். ஒரு குடாநாட்டுக் கிராமங்களுக்கு அது சிறிதன்று.

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். வூஸ்டர் நகரில் தம் வீட்டில் இருந்துகொண்டே தமிழ் அச்சுப்படிகளைத் திருத்தினார். 'மனுஷ சுகரணம்' வெளியான மறு ஆண்டில், 1884 மே மாதத்தில், அங்கே காலமானார். தம் கல்லறையில் இன்னது பொறிக்கவேண்டும் என்று அவரே சொல்லிவைத்திருந்தார். 'தமிழருக்கு மருத்துவ ஊழியர்' என்னும் பொருள்பட அது இன்றும் இருக்கின்றது.

பள்ளி என்னவாயிற்று? 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1880இல் அது கல்லூரி எனப் பெயர்பெற்றது. பாடம் ஆங்கிலம், சான்று அரசாங்கச் சான்று. மானிப்பாயில் கிறீனின் மாணவர் சிலகாலம் கற்பித்தனர். பின்னர்ப் பள்ளி மெல்ல மெல்ல ஓய்ந்தது. வைத்தியசாலை மட்டும் கிறீன் பெயரோடு நிலைத்தது.

தமிழிற் கற்பித்ததனாலேயே பள்ளி அழிந்தது என்று கூறுவோர் உண்டு. அந்நியர் ஆட்சி அதனை அழித்தது என்று கூறுவோரும் உண்டு. இரண்டிலும் ஒரு பகுதி உண்மை இருக்கலாம். என் கருத்து வேறு. 'இரண வைத்தியம்' அச்சேறிய ஆண்டு 1867 என்றேன். அதே 1867இல், ஸ்கொத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் இருந்த ஜோசப் லிஸ்டர், புண்ணைக் கார்போலிக் அமிலத்தாற் கழுவிக் கட்டினால் அது சீழ்ப்பிடியாமல் ஆறுகின்றது என்னும் கட்டுரைகளை மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். அறுவை மருத்துவத்தின் போக்கே அன்று மாறியது. தமிழ் நூல் அச்சு மை உலருமுன்னரே பழைய நூலாகத் தொடங்கிவிட்டது! கிறீனின் குற்றம் அன்று. அவர் எடுத்துக்கொண்ட ஆங்கில நூலும் அவ்வாறே பழையதாயிற்று. ஆனால் ஆங்கில நூலுக்கு அடுத்த பதிப்பு வந்தது. 1882இல் காசநோய்க் கிருமியைக் கோக் கண்டார்; ஈராண்டுக்குள் பேதி நோயின் கிருமியைக் கல்கத்தாவிலே ஆராய்ந்தார். ஆங்கில நூல்களில் அவை ஏறின. 'வைத்தியாகர'த்தில் ஏற்றுவதற்கு எவரும் இருக்கவில்லை. கிறீன் இறந்தார், மொழிபெயர்ப்பு நின்றது, இருபது ஆண்டுகளில் அந்த நாலாயிரம் பக்கங்களும் வரலாற்றுப் பொருளாயின. மருத்துவப் பள்ளியை ஒருமுறை நிறுவினாற் போதாது என்பதை மானிப்பாய் போலத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். நான் நினைவில் வைக்கச் சொன்ன ஸ்கடர் பெயர் இங்கே வருகின்றது. பண்டத்தரிப்பில் இருந்த ஜான் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர், 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்தவர். இளமையில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபொழுது, ஒரே இரவில் மூன்று வீட்டார், பேறுகால வேதனையில் இருந்த தம் மனைவியரைப் பார்க்க வருமாறு அவரை அழைத்தனர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. மருத்துவரான அவர் தந்தையை அனுப்ப அவர் ஒருப்பட்டார். ஆடவர் பார்ப்பதை அவ்வீட்டார் ஒப்பவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி, வேலூரில் வைத்தியசாலை அமைத்தார். 1918இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். தேர்வுக்குச் சென்ற முதல் வகுப்பு மாணவியர் 14 பேர் 1922இல் தேறி வெளிவந்தனர்.

அப்பள்ளிக்கும் ஒரு நாள் இறுதி நெருங்கிற்று. 1930களின் இறுதியிற் சென்னை அரசாங்கம் அப்பள்ளி தந்துவந்த வகையான மருத்துவச் சான்றை நிறுத்தி, இனிப் பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்று விதித்தது. பட்டப் படிப்புக்கு வேண்டிய ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் படுக்கைகளும் வேலூரில் இருக்கவில்லை. ஐடா அப்பொழுது எழுபதை எட்டியவர். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பேசிப் பொருள் திரட்டினார். 1942இற் பட்டப் படிப்புக்கு இசைவு கிடைத்தது. 1947இல் ஆடவரையும் சேர்த்துக்கொண்டனர். பெண்களுக்காகவே தோன்றிய பள்ளி அந்த அடிப்படையையே மாற்றிக்கொண்டது. அதனை வருத்தத்தோடு ஏற்றவரும் இருந்தனர். ஆனால் பள்ளி இருந்தது, இன்றும் இருக்கின்றது. மானிப்பாயிற் கிறீனுக்குப்பின் அப்படி ஊர் ஊராக அலைய ஒருவர் இருந்திருந்தால்? வரலாற்றில் இத்தகைய வினாக்களுக்கு விடை இல்லை. ஆயினும் கேட்காமலிருக்க முடிவதில்லை.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்கின்றேன். தமிழ்நாட்டிற் சென்னைக்கு வெளியே மதுரையில் 1954இலும் திருநெல்வேலியில் 1965இலும் அரசினர் மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் 1978ஆம் ஆண்டில் மருத்துவ பீடம் தொடங்கியது. கிறீன் பள்ளிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டு இடைவெளி. 1995இற் போரினால் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபொழுது ஆசிரியரும் மாணவரும் தாமும் இடம்பெயர்ந்தனர். மீண்டும் வந்து வகுப்புகளை நடத்தினர். அங்கே பாடம் ஆங்கிலத்தில். அதனை நான் குறைகூற மாட்டேன். நாள்தோறும் மாறும் மருத்துவத்துக்கு உலகத்தோடு உறவு வேண்டும். நான் பிற்காலத்தில் மாணவர்களுக்குக் கற்பிக்க நேர்ந்தபொழுது ஒன்று மட்டும் செய்தேன். கட்டிலருகே மாணவன் ஆங்கிலத்தில் விடை சொல்லி முடித்ததும், "இனி இதையே ஆச்சிக்குச் சொல்லும்" என்பேன். முதல் வாரத்தில் எல்லாரும் "கோளாறு" என்றே தொடங்குவார்கள். சில திங்களில், நான் கேளாமலே நோயாளியின் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

அந்த 'இரண வைத்திய'த்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தமிழாசிரியர் அதை எனக்குப் படிக்கத் தந்தார். பல மாலைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எலும்பு முறிந்து தோலைப் பிளந்துகொண்டு வெளிவரும் காயங்களைப் பற்றிய பகுதியில், ஓரத்தில், பென்சிலால் எழுதிய வரியொன்று இருந்தது. எழுத்து மங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி இன்றிப் படிக்க இயலாததாய் இருந்தது. 'இப்போது கார்போலிக் நீர் விட்டுக் கழுவுகிறார்கள். நன்று ஆறுகிறது' என்று இருந்தது. யாரிடம் கேட்டறிந்தாரோ, எந்த வைத்தியசாலையிற் கண்டாரோ, அந்த ஊர் வைத்தியர் தம் நூலைத் தாமே திருத்திக்கொண்டிருக்கின்றார். இன்னும் புரட்டினேன். அதுபோல் ஒன்பது இடங்களில் குறிப்புகள் இருந்தன. ஒன்பதாவது குறிப்பு நூலின் நடுப்பகுதியில் இருக்கின்றது. அதற்கப்பால் ஓரங்கள் வெறுமையாய் இருக்கின்றன.